கதை சொன்ன பேய்

கேள்வி: மர்மக் கதை, பேய்க் கதை படிக்க ஆசை. பழசிலிருந்து தொடங்கவா, புதுசிலிருந்து பின்னால் போகவா?
- கல்லூரி மாணவி, கும்பகோணம்

பதில்: முதல் புத்தகம் உங்கள் ஊர்ப் பெயரிலேயே காத்திருக்கிறது! வடுவூர் துரைசாமி ஐயங்காரின் ‘கும்பகோணம் வக்கீல்’. நடிகர் நம்பியார் வேடத்துக்கு மேல் வேடம் போட்ட ‘திகம்பர சாமியார்’ (1950) படத்துக்கு மூலம் அதுதான். நடை பழசு, பத்துப் பக்கம் பொறுத்தால் பழகிவிடும். அப்புறம் கீழே வைக்க மனசு வராது.

அடுத்து தமிழ்வாணனின் துப்பறிவாளர் சங்கர்லால். அவர் தேநீர் குடிக்கும்போதெல்லாம் உங்களுக்கும் ஒரு கோப்பை வேண்டியிருக்கும்; அடுப்பில் தண்ணீர் வைத்துவிட்டே உட்காருங்கள்.

பிறகு சுஜாதாவின் ‘கொலையுதிர் காலம்’. நடந்தது பேயின் வேலையா, விஞ்ஞானத்தின் வேலையா என்று வக்கீல்கள் கணேஷும் வசந்தும் மல்லுக்கட்டுவார்கள். மூடிவைத்த பிறகும் அந்த வழக்கு உங்களுக்குள் நடந்துகொண்டே இருக்கும். நல்ல மர்மக் கதைக்கு அதுதான் அடையாளம். குலதெய்வமும் கோயிலும் கலந்த திகில் வேண்டுமா? இந்திரா சௌந்தர்ராஜனின் ‘விட்டு விடு கருப்பா’.

துப்பறியும் கதைக்கு எட்கர் ஆலன் போ 1841-இல் பிள்ளையார் சுழி போட்டார் என்பார்கள். ஆனால் விக்கிரமாதித்தன் தோளில் தொங்கிய வேதாளத்தை நினைத்துப் பாருங்கள். கதை சொன்னதும் பேய், கடைசியில் புதிர் போட்டதும் பேய்! ஆகவே எந்தக் காலத்திலிருந்தும் தொடங்கலாம். தோள் மட்டும் தயாராக இருக்கட்டும்.