ஜாமீன் கட்டிய பிறகே தங்கம்

சுதந்திரம் வாங்கியாயிற்று, அரசியல் சட்டம் எழுதியாயிற்று, வாஷிங்டனையும் நாற்காலியில் உட்கார வைத்தாயிற்று. ஆனால் அமெரிக்கக் கடைவீதியில் புழங்கியதோ ஸ்பெயின்காரனின் வெள்ளிக்காசு. மானம் போகிறதே என்று 1792 ஏப்ரலில் சட்டம் போட்டார்கள். பிலடெல்பியாவில் நாணயச் சாலை. பத்து டாலர் தங்கக்காசு ஈகிள், ஐந்து ஹாஃப் ஈகிள், இரண்டரை குவார்ட்டர் ஈகிள். மாற்றுக் குறைத்துக் களவு செய்யும் ஊழியருக்கு மரண தண்டனை.

அதோடு விட்டார்களா? காசடிக்கும் தலைமை அதிகாரியும் தங்கத்தின் தரம் பார்ப்பவரும் ஆளுக்கு 10,000 டாலர் ஜாமீன் கட்ட வேண்டுமாம். சம்பளம் வருஷத்துக்கு 1,500! தலைமை அதிகாரி ஹென்றி வோய்ட் கடிகாரம் செய்து பிழைத்தவர். பத்தாயிரத்துக்கு எங்கே போவார்? ஜாமீன் இல்லாமல் தங்கத்தைத் தொட முடியாதே, 1793 முழுக்கச் செப்பை அடித்துக்கொண்டிருந்தார்கள். வெளியுறவுச் செயலர் ஜெஃபர்சன் முறையிட்ட பின் 1794-ல் ஜாமீன் குறைந்தது. அப்புறமும் அரசாங்க வேகம்தான். முதல் 744 ஹாஃப் ஈகிள்கள் கைக்கு வந்தது 1795 ஜூலை 31-ல்.

இனி அச்சு வெட்டியவர் ராபர்ட் ஸ்காட்டின் ராஜ்ஜியம். எஃகில் ஒவ்வொரு எழுத்தையும் தனித்தனி பஞ்ச் வைத்துச் சுத்தியலால் அடிக்க வேண்டும். 1795-ன் ஒரு ஹாஃப் ஈகிள் அச்சில் நாட்டின் பெயரிலேயே கோட்டை விட்டார்கள்: 'ஸ்டேட்ஸ்' முடிகிற இடத்தில் எஸ்ஸுக்குப் பதில் டி. அச்சைத் தூக்கிப் போட மனசு வருமா? அதன் தலையிலேயே எஸ்ஸை அடித்தார்கள். இன்றும் லென்ஸ் வைத்துப் பார்த்தால் எஸ்ஸுக்குப் பின்னால் டி எட்டிப் பார்க்கிறது.

அண்ணன் சட்டையைத் தம்பிக்குப் பிடித்துத் தைப்பதுபோல, பழைய வருஷத்து அச்சையும் விடவில்லை. 1802 என்று போட்ட ஹாஃப் ஈகிள் ஒவ்வொன்றிலும் 2-க்கு அடியில் 1 இருக்கிறது. 1803-லோ, 3-க்கு அடியில் 2. சிக்கனத்தின் உச்சம் குவார்ட்டர் ஈகிள்: பத்து சென்ட் வெள்ளிக்காசும் அதுவும் ஏறக்குறைய ஒரே அளவு, இரண்டிலும் மதிப்பு எழுதும் வழக்கமில்லை. ஆகவே பின்பக்கத்துக்கு ஒரே கழுகு அச்சு. தங்கத்தையும் அடித்தது, வெள்ளியையும் அடித்தது.

கழுகாவது ஒழுங்காக இருந்ததா? தேச முத்திரையில் வலக்காலில் சமாதான ஆலிவ் கிளை, இடக்காலில் அம்புகள். பிற்பாடு வந்த கேடயக் கழுகுக் காசில் ஸ்காட் கால் மாற்றிவிட்டார். வீராப்பா, கவனக்குறைவா என்று இன்னும் சர்ச்சை. என் ஓட்டு கவனக்குறைவுக்கு.

இத்தனை பாடுபட்டு அடித்தும் காசு ஊரில் தங்கவில்லை. ஒரு பங்கு தங்கத்துக்குப் பதினைந்து பங்கு வெள்ளி என்று சட்டம் விலை வைத்திருந்தது. ஐரோப்பாவில் அதைவிட அதிகம் கிடைத்தது. வியாபாரி சும்மா இருப்பானா? கப்பலேற்றி உருக்கினான். 1822 ஹாஃப் ஈகிள் கணக்குப்படி 17,796. மிஞ்சியவை மூன்று. இரண்டு ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில், மூன்றாவது 2021 ஏலத்தில் 84 லட்சம் டாலர்.

தப்பிப் பிழைத்தவற்றைச் சேகரிப்பாளர்கள் அச்சு அச்சாகப் பிரித்து நம்பர் போட்டுவிட்டார்கள். 1803 ஈகிள் ஒன்றைத் துருவிப் பார்த்த சேகரிப்பாளர் ஹாரி பாஸ், கழுகின் தலைமேல் இருக்க வேண்டிய பதின்மூன்று நட்சத்திரங்களோடு, வலதுகோடி மேகத்தில் பாதி புதைந்த பதினான்காவது குட்டி நட்சத்திரத்தைக் கண்டுபிடித்தார். எதற்கு அது என்று ஸ்காட்டைக் கேட்கலாமென்றால், மனிதர் 1823-லேயே வேலையில் இருந்தபடி கண்ணை மூடிவிட்டார்.