லன் அகத்திணையியல்

ஸ்டோரேஜில் வெட்டித் தரப்படும் வட்டுத் துண்டு லன் எனப்படும். சர்வர் அதனோடு கொள்ளும் உறவு கைக்கிளை, கற்பு, பெருந்திணை என மூன்று. அதற்கு மேலும் எண்ணுவோர் உளர். அவர்கள் மல்டிபாத் போடாதவர்கள். ஒரே லன் 4 பாதைகளில் வந்தால் எஸ்டிபி முதல் எஸ்டிஇ வரை 4 வட்டுகளாகத் தோன்றும். அது கண்மயக்கமே அன்றித் திணை அன்று.

கைக்கிளையாவது, ஒருதலைக் காமம். சர்வர் ஐஸ்கஸி வழியே 3260ஆம் போர்ட்டைத் தட்டும், டார்கெட்டில் லாகினும் ஆகும், செஷனும் நிற்கும். வட்டு மட்டும் வராது. லன் மாஸ்கிங் பட்டியலில் அதன் ஐக்யூஎன் இல்லை என்பதே காரணம். ஓஎஸ்ஸை அழித்துப் புதிதாகப் போட்டவர்கள் இதில் அடிக்கடி சிக்குவர். பெட்டி பழையதுதான், ஐக்யூஎன் புதியது. ஸ்டோரேஜுக்கு அது யாரோ.

கற்பு இருவகை. ஒரு லன்னுக்கு ஒரு சர்வர் என்பது முதல்வகை. அதில் சொல்ல ஒன்றுமில்லை. ஜிஎஃப்எஸ்2, ஓசிஎஃப்எஸ்2, விஎம்எஃப்எஸ் போன்ற கிளஸ்டர் ஃபைல் சிஸ்டத்தைச் சான்றாக வைத்துப் பல சர்வர்கள் ஒரே லன்னை ஆள்வது இரண்டாவது. ஜிஎஃப்எஸ்2-வில் ஆளுக்கொரு ஜர்னல் உண்டு. பூட்டு வாங்காமல் எவரும் கை வைப்பதில்லை. பேச்சு மூச்சற்றுப் போன சர்வரை முதலில் ஃபென்சிங்கால் வெளியேற்றிய பின்னரே மற்றவை வேலையைத் தொடரும். செத்ததாகக் கருதப்பட்டவர் திடீரென எழுந்து வந்து எழுதினால் குடும்பம் போய்விடுமன்றோ.

பெருந்திணையாவது, எக்ஸ்ட்4 போட்ட லன்னை அ, ஆ என்னும் இரு சர்வர்களில் ஒருசேர மவுன்ட் செய்தல். ஸ்டோரேஜ் தடுக்காது. அதற்குக் கோப்பென்றால் என்னவென்று தெரியாது. எண்ணிட்ட பிளாக்குகளே தெரியும். எக்ஸ்ட்4-உம் தான் ஒருவனே உரிமையாளன் என்று நம்பி, எந்தப் பிளாக் காலி என்ற கணக்கைத் தன் மெமரியில் வைத்துக்கொள்ளும். அ எழுதிய கோப்பு ஆ-வுக்குத் தெரியாது. காலி என்று எண்ணி அதே பிளாக்கில் ஆ எழுதும். எந்தப் பிழைச் செய்தியும் வராது. மறு ரீபூட்டில் எஃப்எஸ்சிகே ஓடும்போதுதான் ஒப்பாரி.

அற்றேல், இரண்டாவது சர்வரில் ரீட் ஒன்லியாக மவுன்ட் செய்தால் குற்றமென்னை எனின், அதுவும் குற்றமே. ஜர்னல் முடியாமல் கிடந்தால், ரீட் ஒன்லி என்று சொன்னாலும், எக்ஸ்ட்4 மவுன்ட் ஆகும்போதே அதை வட்டில் எழுதி முடிக்கும். தடுக்க நோலோட் என்ற ஆப்ஷன் தனியே கொடுக்க வேண்டும். கொடுத்தாலும், அ எழுதிக்கொண்டிருக்கும் வட்டில் ஆ பார்ப்பது பழைய கணக்கும் புதிய கணக்கும் கலந்த கதம்பம்.

இனி, தோழியிற் கூட்டம் என்றொன்று உண்டு. 1984இல் சன் நிறுவனம் உருவாக்கிய என்எஃப்எஸ் இவ்வகை. இதில் எவரும் வட்டைத் தொடுவதில்லை. கோப்பு வேண்டுமெனில் தோழியிடம் கேட்க வேண்டும், அவள் எடுத்துத் தருவாள். லன் இயலில் இதற்கு இடமில்லை என்று கறாராகச் சொல்லலாம். ஆனால் ‘ரெண்டு சர்வருக்கும் ஒரே லன்னைக் காட்டுங்க’ என்று ஸ்டோரேஜ் ஆளிடம் வந்து நிற்பவர்களில் பெரும்பாலோருக்கு வேண்டியது லன்னே அன்று, ஒரு பொது ஃபோல்டர்.

புறனடை: ஸ்னாப்ஷாட்டிலிருந்து எடுத்த குளோனை மூல சர்வருக்கே காட்டினால் யுயுஐடி இரண்டிலும் ஒன்றாயிருக்கும். எக்ஸ்எஃப்எஸ் இதைக் கண்டு மவுன்ட் செய்ய மறுக்கும்.