வாங்க முனைவரே!

வாய்யா பேராண்டி, உட்காரு. சிவகங்கைச் சீமைக் கண்மாயைப் பத்தி உலகத்துல ஒருத்தனும் எழுதலைன்னு உங்க ஆத்தாகிட்டச் சொன்னியாமே? அப்ப நீதான் மொத ஆளு. பட்டமளிப்புக்கு வேட்டியைத் துவைச்சு வைக்கவா?

எங்கே, என்னத்தை அடிச்சேன்னு காட்டு. அடேங்கப்பா! "சிவகங்கை மாவட்டக் கண்மாய்கள் அழிந்ததற்குக் காரணம் என்ன?"ன்னு இங்கிலீஷுல முழுக் கேள்வி. கடைசியில கேள்விக்குறி வேற, மரியாதைப்பட்ட புள்ளை. அடேய், அந்த டேட்டாபேஸ் என்ன குறி சொல்ற கோடாங்கியா, உன் மனசுல இருக்கறதைச் சொல்ல? நீ போட்ட சொல்லு அங்க இருந்தாத்தான் கொடுக்கும்.

நான் காலேஜு லைப்ரரியில புத்தகம் எடுத்துக் கொடுத்த ஆளுதான். ஆனா வெவரமானவன் யாருன்னு பார்த்ததும் தெரிஞ்சுரும். தேட உட்காரும் முன்னே ஒரே சங்கதிக்கு எத்தனை பேருன்னு துண்டுச்சீட்டுல எழுதிக்குவான். நீ கண்மாய்ங்கற. வெள்ளைக்காரன் ரிக்கார்டுல அது டேங்க். வடக்கே போனா ஏரி, தெற்கே குளம். ஊருக்கும் அதே கதைதான். சிவகங்கை தனி மாவட்டமானது 1985ல. அதுக்கு முந்தி எழுதினவன் ராமநாதபுரம்னோ ராம்நாட்னோதானே எழுதுவான்? ஊர்க்காரங்களே கூடிக் கண்மாயைச் செப்பனிடுற குடிமராமத்தை இங்கிலீஷுல ஆளுக்கொரு விதமா எழுத்துக்கூட்டியிருக்கான். வாலை வெட்டிட்டு ஒரு நட்சத்திரக்குறி போடு, ஜேஸ்டோர் டேட்டாபேஸ்ல எல்லா வாலும் வந்து சேரும். கூகுள் ஸ்காலர்ல அது பலிக்காது, அங்க ஒவ்வொண்ணா அடி.

அடுத்தது பாரு கூத்தை! கண்மாய் ஆண்ட் ஏரி ஆண்ட் குளம்னு போட்டிருக்க. மூணு பேரையும் ஒரே கட்டுரையில எழுத எவனுக்குய்யா தலையெழுத்து? ஒரே பொருளோட பேருகளை ஆர் போட்டுக் கோத்து ஒரு அடைப்புக்குறிக்குள்ள வை. ஊருப் பேருகளை இன்னொண்ணுல வை. ஆண்ட் ரெண்டு அடைப்புக்கும் நடுவுலதான் வரணும். வெறும் டேங்க்னு அடிச்சா பட்டாளத்துப் பீரங்கி வண்டியெல்லாம் வந்து நிக்கும். டேங்க் இர்ரிகேஷன்னு ரெண்டு சொல்லையும் சேர்த்து மேற்கோள்குறிக்குள்ள போடு.

இது யாரு வச்ச டிக்கு, 'கடைசி அஞ்சு வருசம்'னு? புதுசாத்தான் வேணுமோ தொரைக்கு! டேவிட் மோஸ்னு ஒரு மனுசன், நம்ம ராமநாதபுரம், சிவகங்கைக் கண்மாய்களை வச்சே 'தி ரூல் ஆஃப் வாட்டர்'னு 2003ல புத்தகம் போட்டாரு. உன் டிக்கு அவரை வெளியே தள்ளிருச்சு. அந்தப் புத்தகத்தோட கடைசிப் பக்கங்களைப் புரட்டு, அவருக்கு முந்தி எழுதினவனெல்லாம் அங்க இருப்பான். அப்புறம் கூகுள் ஸ்காலர்ல அது பேருக்குக் கீழே 'சைட்டட் பை'ன்னு இருக்கும். அதைத் தட்டு, பிந்தி வந்தவன் வருவான். நீ தேடுற புதுசும் அதுலதான் கிடக்கு.

நம்ம பல்கலைக்கழகப் புள்ளைக எழுதின ஆய்வேட்டுக்கு சோத்கங்கான்னு ஒரு தளம் இருக்கு. ஆனா பழைய எழுத்துருவுல அடிச்ச தமிழ் ஆய்வேடுன்னா, கோப்புக்குள்ள கண்மாய்னு தேடினாலும் கண்மாய் கிடைக்காது; கண்ணுக்குத் தமிழாத் தெரியறது கம்ப்யூட்டருக்குக் கிறுக்கல். பொருளடக்கத்தைத் திறந்து வச்சு ஒக்காந்து படிக்க வேண்டியதுதான். கண்ணு வலிச்சா உங்க ஆத்தாகிட்டப் போய்ச் சொல்லு, எங்கிட்ட வராதே.