கப்பலேறும் பாட்டில்: முகப்பேரை மையமாகக் கொண்ட ஓர் ஆய்வு

ஆய்வுப் பொருள்: 750 மில்லி கொள்ளளவுள்ள ஒயின் பாட்டில் ஒன்று. ஆய்வுக் களம்: சென்னையின் முகப்பேர் கிழக்கு, முகப்பேர் மேற்கு, அவற்றை ஒட்டிய நொளம்பூர், படிக்குப்பம். ஆய்வு வினா: இக்களத்தில் குடியிருக்கும் ஒருவர், தம் காசில் வாங்கிய அந்தப் பாட்டிலைச் சுற்றுலாக் கப்பலுக்குள் கொண்டுபோகலாமா? கூடாதென்றால் ஏன் கூடாது?

முகப்பேரில் கடல் கிடையாது. ஏரி என்ற சொல் மட்டும் ஒரு வீட்டுமனைத் திட்டத்தின் பெயரில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. துறைமுகத்துக்குப் போக வேண்டுமானால் திருமங்கலம், அண்ணா நகர், கீழ்ப்பாக்கம், சென்ட்ரல் என்று சுமார் பதினைந்து கிலோமீட்டர் சிக்னலுக்குச் சிக்னல் நின்று போக வேண்டும். அப்படியிருக்க, கப்பல் பற்றிய ஆய்வுக்கு இந்த ஊர் எதற்கு என்று வல்லுநர் குழு கேட்கக்கூடும். பதில் எளிது. காசிமேட்டில் இருப்பவருக்குக் கடல் பிழைப்பு. காசு கட்டிக் கடலுக்குப் போகும் எண்ணம் அங்கே எழ நியாயமில்லை. அது இ.எம்.ஐ. பாதி முடிந்த ஃபிளாட்டின் பால்கனியில், எதிர் ஃபிளாட்டின் துணிக்கொடியைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது எழுவது.

அந்த எண்ணத்துக்கு வழி பிறந்தது 2022 ஜூன் 4 அன்று. சென்னைத் துறைமுகத்தில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் கொடியசைக்க, கார்டெலியா நிறுவனத்தின் ‘எம்ப்ரஸ்’ கப்பல் புறப்பட்டது. நடுக்கடல் வரை போய்த் திரும்பும் சிறு பயணம் ஒன்று. விசாகப்பட்டினம், புதுச்சேரி சென்று வரும் பயணம் இன்னொன்று. கட்டணத்தில் சாப்பாடு அடக்கம். மது அடக்கமில்லை. இந்த ஆய்வு முழுவதும் இந்த இரண்டு வாக்கியங்களின் மேல்தான் நிற்கிறது.

முற்காலச் சான்றுகள்

சங்க காலத்தைத் தொடாத ஆய்வேட்டுக்குத் தமிழ்நாட்டில் மதிப்பு கிடையாது. நல்ல வேளையாக, இங்கே சான்றுக்குப் பஞ்சமில்லை. புறநானூற்றின் 56-ஆம் பாடலில் பாண்டியன் நன்மாறனை வாழ்த்தும் நக்கீரர், யவனர் கொண்டுவந்த மதுவைப் ஒளிரும் வளை அணிந்த மகளிர் பொற்கலத்தில் ஏந்தித் தர, அருந்தி இனிது இருக்குமாறு சொல்கிறார். 1945-இல் மார்ட்டிமர் வீலர் அரிக்கமேட்டைத் தோண்டியபோது ஆம்போரா சாடிகளின் உடைசல்கள் கிடைத்தன. பிற்பாடு அவற்றை ஆராய்ந்த எலிசபெத் லைடிங் வில், கிரேக்கத் தீவான கோஸின் ஒயின் சாடி வகை அவற்றுள் இருப்பதை அடையாளம் கண்டார். கோஸ் ஒயின் கடல்நீர் சேர்த்துச் செய்வதற்குப் பேர்போனது. ஆக, சொந்த மதுவைக் கப்பலில் ஏற்றி வந்தவர்களுக்குத் தமிழ்க் கரை முகம் சுளித்ததாக ஒரு குறிப்பும் இல்லை. அரசனுக்கே அதைப் பரிந்துரைத்திருக்கிறது.

பதினெட்டாம் நூற்றாண்டில் மதராஸுக்கு வந்த கப்பல்களில் மதேரா ஒயின் பீப்பாய் பீப்பாயாக வந்தது. கப்பலின் அடித்தளப் புழுக்கத்தில் வெந்து, இந்தியா வரை வந்து திரும்பிய மதேராவுக்கு ஐரோப்பாவில் தனி மவுசு இருந்தது. கப்பலேறினால் ஒயின் கெடாது, தேறும் என்பதற்கு இது வரலாற்றுச் சான்று. இதைத் துறைமுக நுழைவாயிலில் எடுத்துச் சொல்லிப் பயனில்லை.

இனி 2022-க்கு வருவோம். அரிக்கமேடு புதுச்சேரிக்குத் தெற்கே கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. யவனர் சாடிகள் இறங்கிய அதே கரையோரம், ஜூன் 10 அன்று எம்ப்ரஸ் கப்பல் வந்து நின்றது. கப்பலில் சூதாட்டம் நடக்கும், பண்பாடு கெடும் என்று புதுச்சேரியில் எதிர்ப்புக் கிளம்பியிருந்தது. அனுமதி கிடைக்காததால் கப்பல் பயணிகளை இறக்காமலே போய்விட்டது. வாரக் கடைசியில் பாதிச் சென்னை எதற்காகப் புதுச்சேரிக்குக் கிளம்புகிறது என்பதை அறிந்தவர்கள், பண்பாடு என்ற சொல்லை அன்று சற்று நேரம் உற்றுப் பார்த்தார்கள். 2025 ஜூலையில் அதே கப்பல் புதுச்சேரிக்கு வந்தது, பயணிகள் இறங்கி ஊரும் பார்த்தார்கள். இடைப்பட்ட மூன்றாண்டில் பண்பாட்டுக்கு என்ன ஆனது என்பது தனி ஆய்வுக்குரியது.

ஒரே கப்பல், இரண்டு சட்டம்

எம்ப்ரஸ் 1990-இல் பிரான்சின் சென் நசேர் துறைமுகத்தில் ‘நார்டிக் எம்ப்ரஸ்’ என்ற பெயரில் கட்டப்பட்டது. பின்னர் ‘எம்ப்ரஸ் ஆஃப் த சீஸ்’ ஆகி, ராயல் கரீபியன் நிறுவனத்துக்காக ஓடியது. அந்த நிறுவனத்தின் விதிப்படி, பயணம் தொடங்கும் நாளில் இருவர் தங்கும் கேபினுக்கு இரண்டு ஒயின் பாட்டில் கொண்டுபோகலாம். கப்பல் இந்தியாவுக்கு வந்து பெயர்ப்பலகை மாறியதும் வெளி மது ஒரு சொட்டும் கூடாது என்றாகிவிட்டது. அதே கப்பல், அதே படுக்கை, அதே அலை. மாறியது முதலாளி மட்டும்.

உலகில் மற்ற கப்பல்கள் என்ன செய்கின்றன? கார்னிவல் கப்பலில் 21 வயது நிரம்பியவர் ஒரு 750 மில்லி ஒயினைக் கைப்பையில் கொண்டு வரலாம். அதை உணவுக்கூடத்துக்கு எடுத்துப் போய்த் திறந்தால் மூடி திறக்கும் கட்டணம் உண்டு. 15 டாலர் என்பது நெடுநாள் வழக்கு. டிஸ்னி கப்பலில் பெரியவர் ஒருவருக்கு இரண்டு ஒயின் அல்லது ஆறு பீர். நார்வீஜியன் நிறுவனத்துக்குப் பெரிய மனது: எத்தனை ஒயின் பாட்டில் வேண்டுமானாலும் கொண்டு வரலாம், பாட்டிலுக்கு ஒரு கட்டணம் கட்டினால் சரி. விஸ்கி, ரம், பிராந்தி வகையறாவுக்கு இந்த நிறுவனங்கள் எதிலும் இடமில்லை.

அளவியல்

இங்கே சென்னைவாசிக்கு ஒரு சந்தேகம் வரும். கப்பல்காரர்கள் அனுமதிக்கும் 750 மில்லி என்பது அரசு மதுக்கடையான டாஸ்மாக்கின் கணக்கில் ஒரு ‘ஃபுல்’ ஆயிற்றே, அவ்வளவு தாராளமா? தாராளமில்லை. ஒயினில் ஆல்கஹால் சுமார் 13 சதவீதம். ஆகவே ஒரு பாட்டிலில் இருப்பது 97.5 மில்லி. கவுன்டரில் தரும் பிராந்தியில் 42.8 சதவீதம். 180 மில்லி குவார்ட்டரில் அது 77 மில்லி. வகுத்துப் பார்த்தால் ஒரு பாட்டில் ஒயின் என்பது 1.27 குவார்ட்டர். ஐந்து இரவுப் பயணம் முழுவதற்கும் இதுதான். இரவொன்றுக்குக் கால் குவார்ட்டர்தான் தேறுகிறது. இந்த விடையைக் கேட்ட மாத்திரத்தில் துறைமுக வாசலிலிருந்தே வீடு திரும்பக்கூடிய ஆட்களை முகப்பேரில் எளிதாகத் திரட்டலாம்.

கொள்முதலிலும் சிக்கல் இருக்கிறது. டாஸ்மாக் கடை பகல் 12 மணிக்குத் திறந்து இரவு 10 மணிக்கு மூடுகிறது. மதியம் கப்பலேற வேண்டியவர் முதல் நாளே வாங்கி வைத்தாக வேண்டும். கோயம்பேட்டில் உள்ள மால் ஒன்றில், டாஸ்மாக்கின் உயர்தரக் கடைக்குள் 2023 ஏப்ரலில் மது வழங்கும் தானியங்கி எந்திரமே வைத்தார்கள். எந்திரம் உறங்காது என்றாலும் கடை மூடினால் அதற்கும் ஷட்டர்தான்.

மறைப்பியல்

தடை உள்ள இடத்தில் கலை வளரும். அமெரிக்கப் பயணிகள் இதில் கரை கண்டவர்கள். வாய் கொப்பளிக்கும் திரவத்தைக் கொட்டிவிட்டு, அந்தப் பாட்டிலில் வெள்ளை ரம்மை ஊற்றி, பச்சைச் சாயம் இரண்டு சொட்டு விட்டு மூடியைத் திருகுவது ஒரு முறை. எக்ஸ்ரேயில் பாட்டில் உருவம் தெரியாதபடி மடங்கும் பிளாஸ்டிக் பையில் நிரப்பித் துணிக்கு அடியில் பரப்புவது இன்னொரு முறை. இந்தப் பைகளை இதற்கென்றே செய்து விற்கும் வியாபாரமும் உண்டு. சன்ஸ்கிரீன் டியூப் மூன்றாவது முறை. அதில் அளவு போதாது, வாசனை போகாது.

முகப்பேர் முறை இவ்வளவு நுட்பமானதல்ல. கட்டிலின் மேல் டிராலி பெட்டி திறந்து கிடக்கிறது. பாட்டில் முதலில் லுங்கியில் சுற்றப்படுகிறது, பிறகு துண்டில், பிறகு இரண்டு புடவைக்கு நடுவே செருகப்படுகிறது.

“என்னங்க, அது உடைஞ்சா என் புடவைதானே பாழாப்போகும்?”

“ரெட் இல்லம்மா, ஒயிட்டு. கறை படியாது.”

அடுத்த பெட்டியில் தண்ணீர் சுட வைக்க மின்சாரக் கெட்டில், சட்டை மடிப்புக்கு இஸ்திரிப் பெட்டி, எவர்சில்வர் டப்பாவில் வீட்டில் அரைத்த பருப்புப் பொடி, பாலிதீன் உறை இரண்டு போட்டு ரப்பர் பேண்டு இறுக்கிய மாங்காய்த் தொக்கு. துறைமுகத்து எக்ஸ்ரே திரையில் புடவைகளுக்கு நடுவே படுத்திருக்கும் பாட்டில், கழுத்தும் தோளுமாக அச்சு அசலாகத் தெரிகிறது. கெட்டிலும் இஸ்திரிப் பெட்டியும் தீ அபாயம் கருதித் தடுக்கப்படுபவை. கப்பலில் தீப்பிடித்தால் ஓடித் தப்ப இடமில்லை என்பதால் இதில் வாதாட ஒன்றுமில்லை. தொக்கின் கதை சோகமானது. பெரிய நிறுவனங்கள் பலவற்றில் சீல் உடைக்காத கடைப் பொட்டலத்துக்குத்தான் சலுகை, வீட்டுச் சமையலுக்கு இல்லை. பாட்டி கைப்பக்குவம் சீல் வைக்கப்படுவதில்லை என்பதைச் சர்வதேசக் கடல்வழிச் சமூகம் இன்னும் கவனிக்கவில்லை.

கோட்பாடு

ஏன் இந்தத் தடை என்பதற்கு நிறுவனங்கள் சொல்லும் காரணம் பாதுகாப்பு: அளவு மீறிக் குடித்துவிட்டுக் கைப்பிடிச் சுவரில் ஏறுவார்கள். நியாயமான அச்சம்தான். ஆனால் அதே கப்பலின் பாரில் அதே ஆள் பில் கட்டிக் குடித்தால் சுவர் உயர்ந்துவிடுவதில்லை. ராயல் கரீபியன், கார்னிவல் ஆகியவற்றின் 2023 வருவாயில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு டிக்கெட்டிலிருந்து வந்ததல்ல. மது, சூதாட்டம், கரைச் சுற்றுலா போன்று பயணத்தின்போது பயணிகள் செய்யும் செலவுகளிலிருந்து வந்தது. கப்பல் என்பது ஐந்து நாளைக்குக் கதவைச் சாத்திவிட்ட கடை. உள்ளே இருக்கும் வாடிக்கையாளர் பக்கத்துக் கடைக்குப் போக முடியாது, நீந்தத் தெரிந்திருந்தாலும்.

இதே சட்டத்தைச் சென்னைவாசி திரையரங்கு வாசலிலேயே படித்துவிட்டார். வெளி உணவை அனுமதிக்க வேண்டும் என்று 2018-இல் ஜம்மு காஷ்மீர் உயர் நீதிமன்றம் சொன்னது. 2023 ஜனவரி 3 அன்று உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்து, அரங்கு தனியார் சொத்து, தடுக்க உரிமையாளருக்கு உரிமை உண்டு என்றது. நல்ல குடிநீர் இலவசமாகத் தர வேண்டும், கைக்குழந்தைக்கான உணவைத் தடுக்கக் கூடாது என்பவை மட்டும் விலக்கு. ஜிலேபி தின்றவர் பிசுபிசுத்த விரலை நாற்காலியில் துடைத்தால் சுத்தம் செய்யும் செலவு யாருடையது என்ற ரீதியில் தலைமை நீதிபதி சந்திரசூட் கேட்டார். பாப்கார்னுக்கு இடும் வெண்ணெய் விரலில் ஒட்டுமா என்ற கேள்வி அன்று எழவில்லை.

இதற்கு நேர் எதிரான முன்மாதிரி ஒன்று தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. ஆய்வுலகம் இதுவரை அதைக் கண்டுகொள்ளாதது வியப்பு. டாஸ்மாக் கடையை ஒட்டிய பாருக்கு அரசு விடும் டெண்டர் மது விற்பதற்கானது அல்ல. தின்பண்டம் விற்கவும் காலி பாட்டில்களைச் சேகரிக்கவும்தான் உரிமம். அதாவது, அங்கே நுழையும் ஒவ்வொருவரும் தம் பாட்டிலைத் தாமே கொண்டு வருகிறார். மூடி திறக்கும் கட்டணம் ஆம்லெட்டாகவும் சுண்டலாகவும் தண்ணீர் பாக்கெட்டாகவும் வசூலாகிறது. பார் நடத்துவதற்குச் சட்டத்தில் இடமிருக்கிறதா என்று சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்கே நடந்தது. 2022 தொடக்கத்தில் தனி நீதிபதி மூடச் சொல்லி உத்தரவிட்டார், பிறகு அந்த உத்தரவு நடைமுறைக்கு வராமல் நின்றது. 15 டாலர் வாங்கும் கப்பல்காரர் செய்வதும் இதே வியாபாரம்தான். ஆம்லெட் மட்டும் தருவதில்லை.

முடிவும் பரிந்துரையும்

வினாவுக்கு விடை: சென்னையிலிருந்து கிளம்பிய கப்பலில் கூடாது, சிங்கப்பூருக்கோ மியாமிக்கோ பறந்து போய் ஏறும் கப்பலில், நிறுவனத்தைப் பொறுத்து, ஒயின் மட்டும் ஒன்றோ இரண்டோ கொண்டுபோகலாம். விமானத்தில் கைப்பையில் 100 மில்லிக்கு மேல் திரவம் கூடாது என்பதால், பாட்டிலைச் செக்-இன் பெட்டியில் போட வேண்டும், கப்பல் வாசலில் அதையே கைப்பைக்கு மாற்ற வேண்டும். ஊர் திரும்பும்போது சுங்கத் தீர்வையின்றிக் கொண்டு வர 2 லிட்டர் வரை அனுமதி உண்டு.

முகப்பேர்வாசிகளுக்கு ஒரு வேண்டுகோள். டிக்கெட் பதிவு செய்வதற்கு முன்பு, அந்தந்த நிறுவனத்தின் தடைப் பட்டியலை ஒருமுறை முழுதாகப் படித்துவிடுங்கள். விதிகள் வருடத்துக்கு வருடம் மாறுகின்றன. கெட்டிலை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். பொடி வேண்டுமென்றால் கடைப் பொட்டலமாக வாங்கி, சீலை உடைக்காமல் வையுங்கள். பாட்டிலுக்குச் செலவிட நினைத்த பணத்தைக் கப்பல் பில்லுக்கு ஒதுக்குங்கள், அது போதாது என்பதையும் இப்போதே வீட்டில் சொல்லிவிடுங்கள்.