ஒரே ஓனர் வண்டி

இர்விங், டெக்சாஸ்
20.9.2025

அன்புள்ள மாமாவுக்கு,

மருமகன் எழுதிக்கொண்டது. நாங்கள் மூவரும் சுகம். அத்தையின் முழங்கால் வலி தேவலையா?

வாட்ஸப் இருக்கும்போது இவன் எதற்குத் தாளும் பேனாவும் எடுத்தான் என்று கேட்பீர்கள். போனில் சொன்னால் பாதியிலேயே திட்ட ஆரம்பித்துவிடுவீர்கள். கடிதமென்றால் கடைசிவரை படித்துவிட்டுத்தான் திட்ட முடியும். அந்த ஒரு சௌகரியத்துக்காகத்தான்.

கார் வாங்கிவிட்டேன். ஹூண்டாய் சான்டா ஃபே, 2022 மாடல், வெள்ளை. 41,000 மைல் ஓடியிருக்கிறது, நம் கணக்கில் சுமார் 66,000 கிலோமீட்டர். விலை 21,600 டாலர். இதுவரைக்கும் உங்களுக்குக் கோபம் வந்திருக்காது. அடுத்த வரியை உட்கார்ந்துகொண்டு படியுங்கள். இது வாடகைக்கு ஓடின வண்டி.

"மாப்ள, எந்த வண்டிய வேணும்னாலும் வாங்கு, டி போர்டு வண்டிய மட்டும் வாங்கிராத. மஞ்சப் போர்டுக்கு வெள்ளையடிச்சுக் கொண்டாந்து நிப்பாட்டுவான், ஏமாந்துராத" என்று நான் கிளம்புகிற அன்றைக்குக்கூடச் சொல்லி அனுப்பினீர்கள். கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டு பக்கம் 27 வருஷம் டி போர்டு அம்பாசிடர் ஓட்டின மனுஷன் சொன்ன வாக்கு. நான் மறக்கவில்லை. ஆனால் இந்த ஊரில் மஞ்சள் போர்டே கிடையாது மாமா. வாடகைக் காருக்கும் சொந்தக் காருக்கும் ஒரே மாதிரி நம்பர் பிளேட்தான். எது தாலி கட்டினது, எது கட்டாதது என்று பார்த்ததும் சொல்ல முடியாது.

புது வண்டி வாங்கினால் என்ன என்று அத்தை கேட்பார்கள். வாங்கலாம், கடன் கிடைத்தால். இங்கே ஒவ்வொருவனுக்கும் 300-லிருந்து 850 வரைக்கும் கடன் மார்க் உண்டு. பேங்க்கில் போய், "நான் இதுவரை யாரிடமும் கடன் வாங்கினதே இல்லை" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். எதிரே இருந்தவர் துஷ்டி கேட்க வந்தவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார். கடன் வாங்கி அடைத்தவனுக்குத்தான் இங்கே கடன். வாங்காதவன் சந்தேகத்துக்குரிய ஆள். வட்டி சொன்னார் பாருங்கள், நம்மூர் கந்துவட்டிக்காரர் தங்கமான மனுஷர் என்று தோன்றிவிட்டது.

கார் இல்லாமலும் இருக்க முடியாது. ஒருநாள் பால் வாங்க நடந்தே போனேன். இரண்டு கிலோமீட்டர்தான், ஆனால் பாதி தூரத்துக்கு நடைபாதையே இல்லை. வழியில் இரண்டு பேர் வண்டியை நிறுத்தி, ஏதாவது கஷ்டமா, உதவி வேண்டுமா என்று கேட்டார்கள். இந்த ஊரில் நடந்து போகிறவனுக்கு ஏதோ ஆகிவிட்டது என்றுதான் அர்த்தம்.

அப்போதுதான் ஆபீஸில் ஒரு மலையாளி நண்பர், வாடகைக் கார் கம்பெனிகளே தங்கள் பழைய வண்டிகளை நேராக விற்கும், விலை கொஞ்சம் குறைவாக இருக்கும் என்றார். ஒரு சனிக்கிழமை போனேன். நம் மாட்டுத்தாவணியில் பஸ் நிற்கிற மாதிரி வரிசை வரிசையாகக் கார்கள். பெரும்பாலும் வெள்ளை, மிச்சம் சாம்பல். ஒவ்வொன்றின் கண்ணாடியிலும் விலை ஒட்டியிருக்கிறது. சொன்ன விலைதான், பேரம் கிடையாது.

பேரம் கிடையாது என்றால் நம்மால் சும்மா இருக்க முடியுமா? "பத்தொன்பதுக்கு முடிச்சுக்குவோமே" என்றேன். விற்பனைக்காரப் பையன் புன்சிரிப்போடு சுவரில் இருந்த போர்டைக் காட்டினான். எழுந்து வாசல்வரை மெதுவாக நடந்தேன். கூப்பிடவில்லை. மறுபடி உள்ளே வந்து, சரி, ஒரு செட் மிதியடியாவது போட்டுக் கொடு என்றேன். அதற்கும் அதே புன்சிரிப்பு. முழு விலை கொடுத்து வாங்கிய அவமானத்தை அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. நீங்களும் சொல்லிவிடாதீர்கள்.

பிறகு வண்டியின் ஜாதகத்தைக் கொடுத்தான். உண்மையிலேயே ஜாதகம்தான் மாமா. ஒவ்வொரு வண்டிக்கும் 17 எழுத்தும் எண்ணுமாக ஒரு நம்பர். ஒன்றும் பூஜ்யமும் குழம்பிவிடக் கூடாது என்று அதில் ஐ, ஓ, க்யூ மூன்று எழுத்தையும் சேர்ப்பதில்லை. பத்தாவது எழுத்து மாடல் வருஷம், 2022 என்றால் என். முதலில் வருவது பிறந்த தேசம். ஹூண்டாய் என்றதும் நம் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்துப் பிள்ளையாக இருக்குமோ என்று ஆசையாகப் பார்த்தேன். 5-ல் ஆரம்பிக்கிறது. அமெரிக்காவிலேயே, அலபாமாவில் பிறந்தது. அந்த நம்பரைக் கம்ப்யூட்டரில் தட்டினால் எந்த ஊரில் பதிவு, எப்போது ஆயில் மாற்றினார்கள், எங்காவது இடித்ததா என்று தாள் தாளாக வருகிறது.

அதில்தான் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது: ஒரே ஓனர். சத்தியமான வார்த்தை. ஓனர் ஒரே ஓனர்தான், அந்த வாடகைக் கம்பெனி. ஓட்டினவர்கள்? இரண்டரை வருஷம் வாடகைக்கு ஓடியிருக்கிறது, ஆளுக்கு நாலு நாள் என்று வைத்தாலும் நூற்றைம்பது பேருக்குக் குறையாது. ஐந்து புருஷர்களுக்கே நாம் ஒரு பாரதம் எழுத வேண்டியிருந்தது.

எனக்கு இதில் கூடுதல் பயம் ஒன்று இருந்தது. வாடகை வண்டியை ஜனங்கள் எப்படி ஓட்டுவார்கள் என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஏனென்றால் நானே ஓட்டியிருக்கிறேன்.

இறங்கின புதிதில் மூன்று வாரம் ஒரு காரை வாடகைக்கு எடுத்தேன் அல்லவா? அதை நான் படுத்தின பாட்டை இப்போதுதான் ஒருத்தரிடம் ஒப்புக்கொள்கிறேன். ஆஸ்டினுக்குத் தெற்கே 130-ம் நம்பர் நெடுஞ்சாலையில் 85 மைல் வேகம் வரை அனுமதி, இந்த நாட்டிலேயே அதற்கு மேல் எங்கும் கிடையாது. நம் கணக்கில் 137 கிலோமீட்டர். அந்த ரோட்டைப் பார்ப்பதற்கென்றே போய், கால் தரையைத் தொடும்வரை மிதித்தேன். வேகத்தடையைத் தடையாக மதிக்கவில்லை. காலையில் ஸ்டார்ட் பண்ணினதும் எஞ்சின் சூடாகிறவரை பொறுக்கவில்லை. கோயில் பிரசாதப் புளியோதரையைப் பின்சீட்டில் கவிழ்த்துவிட்டு, அதன்மேல் துண்டை விரித்து மூடி, திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன். உங்கள் அம்பாசிடரில் கால் மண்ணைத் தட்டாமல் ஏறினதற்கு எனக்கு ஒரு குட்டு விழுந்ததே, அதே மருமகன்தான். வாடகை வண்டிதானே என்ற ஒரு வார்த்தையில் இருபது வருஷத்து வளர்ப்பு காற்றில் போய்விட்டது.

இது என் ஒருவனுடைய புத்தி மட்டுமல்ல என்று தெரிந்தபோது கொஞ்சம் ஆறுதல். உலகத்திலேயே வேகமான கார் எது என்றால் வாடகைக் கார் என்பது இங்கே பழைய வேடிக்கை. 1918-ல் சிகாகோவில் வால்டர் ஜேக்கப்ஸ் என்ற இளைஞர் பன்னிரண்டு ஃபோர்டு டி மாடல் கார்களை வைத்து வாடகைத் தொழில் ஆரம்பித்தார். 1923-ல் ஜான் ஹெர்ட்ஸ் என்பவர் அதை வாங்கினார். அந்த ஹெர்ட்ஸ் கம்பெனி 1966-ல் ஷெல்பி மஸ்டாங் என்ற பந்தய ஜாதிக் கார் சுமார் ஆயிரத்தை வாடகைக்கு விட்டது. சிலர் வார இறுதியில் எடுத்துப் போய் நிஜமான பந்தயத்திலேயே ஓட்டிவிட்டுத் திங்கட்கிழமை நல்ல பிள்ளையாகத் திருப்பிக் கொடுத்தார்களாம். எஞ்சினையே கழற்றி மாற்றிக்கொண்டு கொடுத்தார்கள் என்றுகூட ஒரு கதை உண்டு. அவர்கள் முன்னால் என் புளியோதரை எந்த மூலைக்கு?

சில கம்பெனிகளில் மூன்று நாள் வாடகைக்கு எடுத்து ஓட்டிப் பார்த்து, பிடித்தால் வாங்கிக்கொள்ளலாம். இவர்களிடமும் அந்த ஏற்பாடு இருந்தது. ஆக, அந்த நூற்றைம்பது பேர் வரிசையில் நானும் ஒருவன், கடைசி ஆள். அந்த மூன்று நாளும் வேகத்தடையில் முட்டையைக் கொண்டுபோகிற மாதிரி போனேன். பின்னால் வந்தவன் ஹாரன் அடித்தான். இந்த ஊரில் ஹாரன் அடிப்பது கெட்ட வார்த்தைக்குச் சமம்.

மெக்கானிக்கிடம் காட்டாமல் வாங்கவில்லை, அந்த அளவுக்கு உங்கள் மருமகன் முட்டாளில்லை. ஒரு மெக்சிகோக்காரரிடம் 150 டாலர் கொடுத்தேன். அவர் வண்டியைத் தூக்கி, டார்ச் அடித்து, முகர்ந்துகூடப் பார்த்தார். நாலு டயரும் நாலு கம்பெனி. இரண்டு சக்கரத்தில் பிளாட்பாரக் கல்லில் உரசின காயம். எஞ்சின், கியர்பாக்ஸ் இரண்டும் சுத்தம். "ஆயிலைத் தேதி தவறாமல் மாத்தியிருக்கான்" என்றார். வாடகைக் கம்பெனிக்கு வண்டி நின்றால் வருமானம் நின்றது, அதனால் கணக்காகச் செய்வார்களாம். சொந்தக்காரன்தான் அடுத்த மாசம் பார்க்கலாம் என்று தள்ளிப் போடுவான்.

அதைக் கேட்டதும் உங்கள் ஞாபகம்தான் வந்தது. ஊரிலேயே ஒழுங்காக ஆயில் மாற்றின வண்டி உங்கள் அம்பாசிடர் ஒன்றுதான். சனிக்கிழமை தவறாமல் கிரீஸ், வெள்ளிக்கிழமை எலுமிச்சம்பழம். பக்கத்து வீட்டு வாத்தியார் தன் சொந்த மாருதியை ஒரு வருஷம் கழுவாமலே வைத்திருந்தார். டி போர்டு வண்டி வேண்டாம் என்று ஊருக்கெல்லாம் சொன்னீர்களே, உங்கள் வண்டியை நீங்கள் விற்றபோது வாங்கினவர் ஏமாந்தாரா என்ன? அடுத்த கடிதத்தில் இதற்கு மட்டும் பதில் எழுதுங்கள். மற்றத் திட்டுகளை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

உங்களுக்குக் கோபம் வரவேண்டிய விஷயம் வேறொன்று இருக்கிறது. ஹூண்டாய் இந்த நாட்டில் எஞ்சின், கியர்பாக்ஸுக்குப் பத்து வருஷம், ஒரு லட்சம் மைல் வாரன்டி தருகிறது. ஊரெல்லாம் விளம்பரம். ஆனால் அந்தப் பத்து வருஷம் முதல் ஓனருக்கு மட்டும். இரண்டாவதாக வாங்குகிறவனுக்கு அவ்வளவு கிடையாது. பூர்வீகச் சொத்தில் இளையதாரத்துப் பிள்ளை மாதிரி ஒதுங்கி நிற்க வேண்டியதுதான்.

பதிவுச் செலவும் கேளுங்கள். டெக்சாஸில் கார் விலைக்கு 6.25 சதவீதம் வரி, 1,350 டாலர். இந்த வருஷம் ஜனவரியிலிருந்து சொந்தக் கார்களுக்குப் பாதுகாப்புச் சோதனையை எடுத்துவிட்டார்கள். பிரேக் பிடிக்கிறதா, விளக்கு எரிகிறதா என்று யாரும் பார்க்க மாட்டார்கள். சோதனையை எடுத்தார்களே தவிர அதற்கான 7.50 டாலரை எடுக்கவில்லை, சோதனைக்குப் பதில் கட்டணம் என்று பெயர் வைத்து வாங்குகிறார்கள். நம் ஆர்டிஓ ஆபீஸ்காரர்களுக்கு இது தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். டல்லாஸ் பக்கம் புகைச் சோதனை மட்டும் பாக்கி.

சாவி இரண்டு கொடுத்தார்கள். இரண்டையும் சேர்த்து இரும்புக் கம்பி வளையத்தில் கோத்து, கழற்றவே முடியாதபடி நசுக்கியிருந்தது. வாடகை வண்டியில் ஒரு சாவி தொலைந்துவிடக் கூடாதென்று இரண்டையும் ஒன்றாகவே தொலைக்க ஏற்பாடு. ஒரு வாரம் நானும் என் மனைவியும் எங்கே போனாலும் ஜோடியாகவே போனோம். பிறகு மெக்கானிக் பெரிய கட்டரை வைத்து வெட்டிவிட்டார்.

மகள் சீட்டுக்கு அடியிலெல்லாம் கையை விட்டு ஆராய்ச்சி செய்தாள். கைக்குழந்தையின் ஒற்றைச் சாக்ஸ், ஒரு சீப்பு, கருங்கல்லாகிப்போன உருளைக்கிழங்கு வறுவல், ஓக்லஹோமா சூதாட்ட விடுதியின் சில்லு ஒன்று. அந்த இடத்திலேயே நம்மூர்க் கடலை மிட்டாயையும் இப்போது இரண்டு துண்டு சிந்திவிட்டாள். நான் குட்டவில்லை. முதல் தவணை கட்டினபிறகு யோசிக்கலாம் என்று இருக்கிறேன்.

வண்டிக்குள் டிவி மாதிரி ஒரு திரை. அதில் இதுவரை இணைத்த போன்களின் பட்டியல் அப்படியே கிடந்தது. அத்தனையையும் அழித்தேன். 'அம்மாவின் ஐபோன்' என்று ஒன்று இருந்தது, அதை அழிக்கும்போது மட்டும் விரல் கொஞ்சம் தயங்கியது. வழி சொல்கிற வசதியும் அந்தத் திரையிலேயே. அதில் 'வீடு' என்று ஒரு பொத்தான். அதைத் தொட்டால் போதும், எங்கிருந்தாலும் வீட்டுக்கு வழி சொல்லுமாம். நேற்று ராத்திரி கடையிலிருந்து திரும்பும்போது ஆசையாகத் தொட்டேன். அந்தப் பெண் குரல் இடது பக்கம் திரும்பு, வலது பக்கம் திரும்பு என்று பாசமாகச் சொல்லிக்கொண்டே வந்தது. பத்து நிமிஷம் கழித்து, ஐஸ்கிரீம் உருகுகிறது என்று பின்னாலிருந்து சத்தம் வந்தபோதுதான் தலையை நிமிர்த்திப் பார்த்தேன். ஏர்போர்ட் வாசலில் நிற்கிறோம். வாடகைக்கு எடுத்த யாரோ ஒரு புண்ணியவான் திருப்பிக் கொடுக்கிற இடத்தையே வீடு என்று பதிந்து வைத்திருக்கிறார்.

மாற்றுவது சுலபம்தான், அரை நிமிஷ வேலை என்கிறாள் மகள். இந்த வாரம் வேலை ஜாஸ்தி, அடுத்த வாரம் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறேன்.

அத்தைக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு. மிட்டாய் தீர்ந்துகொண்டு வருகிறது, யாராவது இந்தப் பக்கம் வந்தால் கொடுத்து அனுப்புங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மருமகன்