ஒழுங்காக ஓடும் லேப்டாப்பை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

1991 ஆகஸ்டில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்கிற பின்லாந்து மாணவர், தாம் ஒரு ஆபரேட்டிங் சிஸ்டம் எழுதிக்கொண்டிருப்பதாக இணையத்தில் அறிவித்தார். வெறும் பொழுதுபோக்குதான், பெரிதாக ஒன்றும் வராது என்று தன்னடக்கத்தோடு சேர்த்துக்கொண்டார். பெரிதாக வராது என்றது பொய்த்துவிட்டது. 2017 நவம்பர் முதல் உலகின் முதல் 500 சூப்பர் கம்ப்யூட்டர்களும் அவர் தொடங்கிய அந்த லினக்ஸில்தான் ஓடுகின்றன. ஆண்ட்ராய்டு போனுக்குள் இருப்பதும் அதன் மையப்பகுதியான கர்னல்தான்.

பொழுதுபோக்கு என்று சொன்னது மட்டும் அப்படியே பலித்தது. சூப்பர் கம்ப்யூட்டரில் வானிலையைக் கணிக்கிற அதே லினக்ஸை ஒரு பழைய லேப்டாப்பில் போட்டு, ப்ளூடூத் ஹெட்போனில் பாட்டு வரவைக்க ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் செலவழிக்கிறவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். அவர்களைப் பார்த்துப் பரிதாபப்பட வேண்டியதில்லை. பாட்டு வந்ததும் அவர்கள் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு அடுத்த கோளாறைத் தேடப் போய்விடுவார்கள்.

லினக்ஸ்காரரை அடையாளம் காண்பது சுலபம். மேஜை டிராயர் நிறையப் பென்டிரைவ் இருக்கும். அவசரத்துக்கு ஒன்று கேட்டால் கிடைக்காது. ஒவ்வொன்றிலும் ஒரு டிஸ்ட்ரோ குடியிருக்கும். சோதனைக்கென்று ஒரு தனி லேப்டாப் இருக்கும். பெரும்பாலும் அது அக்கா மகன் ஒதுக்கிப் போட்ட தமிழக அரசின் இலவச லேப்டாப். விண்டோஸோடு, சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் அதில் சேர்ந்தே வந்தது. பையன் அந்தப் பக்கத்தைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. மாமா திறந்தவர் இன்னும் மூடவில்லை.

லினக்ஸ் என்பது ஒன்றுதானே, எதற்கு இத்தனை நூறு டிஸ்ட்ரோ என்று வெளியாள் கேட்பார். கர்னல் ஒன்றுதான். அதைச் சுற்றி எந்தெந்தச் சாஃப்ட்வேரை, எந்தப் பதிப்பில், எந்தக் கொள்கையோடு வைப்பது என்பதில்தான் டிஸ்ட்ரோக்கள் பிரிகின்றன. அனுபவசாலிகள் கணக்கில், டிஸ்ட்ரோ தேர்ந்தெடுப்பது என்றால் எந்த மாதிரித் தொல்லை நம் உடம்புக்கு ஒத்துவரும் என்று தேர்ந்தெடுப்பது.

டெபியனை எடுத்துக்கொள்வோம். 1993-இல் இயன் மர்டாக் தொடங்கியது. அதன் பதிப்புகளுக்கு 'டாய் ஸ்டோரி' படத்துப் பாத்திரங்களின் பெயர்களை வைப்பார்கள். அந்த வழக்கம் வந்த காலத்தில் டெபியனை நடத்திய புரூஸ் பெரன்ஸ், அந்தப் படத்தை எடுத்த பிக்ஸாரில் வேலை பார்த்தவர். 2023-இல் புக்வர்ம் வந்தது, 2025-இல் ட்ரிக்ஸி. வெளியிடுவதற்கு முன் மாதக்கணக்கில் எல்லாவற்றையும் உறையவைத்துச் சோதிப்பார்கள். அதனால் கோளாறு குறைவு; கையில் கிடைப்பதெல்லாம் கொஞ்சம் பழசு. புதுசு வேண்டும் என்று அடம்பிடிப்பவர்களுக்கு நிரந்தரமாக ஒரு நிலையற்ற பதிப்பு உண்டு. அதன் பெயர் மட்டும் மாறுவதே இல்லை: சிட். படத்தில் பக்கத்து வீட்டில் இருந்துகொண்டு பொம்மைகளை உடைக்கிற பையன். இதைவிடத் தெளிவாக ஒரு எச்சரிக்கையைப் பெயரிலேயே எழுதி ஒட்ட முடியாது. லினக்ஸ்காரர் அதை அழைப்பிதழாக எடுத்துக்கொள்கிறார்.

அதே 1993-இல் பேட்ரிக் வோல்கர்டிங் தொடங்கிய ஸ்லாக்வேர், உயிரோடிருக்கும் டிஸ்ட்ரோக்களில் மூத்தது. 14.2 பதிப்பு 2016-இல் வந்தது, அடுத்த 15.0 வந்தது 2022-இல். இடையில் அதன் ரசிகர்கள் யாரும் பதறவில்லை. மற்ற டிஸ்ட்ரோக்களில் ஒரு பேக்கேஜைக் கூப்பிட்டால், கல்யாண வீடு மாதிரி, அதன் சொந்தபந்தமெல்லாம் தானாக வந்து இறங்கிவிடும். ஸ்லாக்வேரின் பேக்கேஜ் கருவிக்கு அந்தப் பழக்கம் கிடையாது. சித்தப்பா யார், ஒன்றுவிட்ட அத்தை யார் என்று விசாரித்து, ஒவ்வொருவர் வீட்டுக்கும் நாமே நேரில் போய்ப் பாக்கு வைக்க வேண்டும். ஒருவரை மறந்தாலும் மாப்பிள்ளை தாலி கட்டமாட்டார்.

ஜென்டூ இன்னொரு ரகம். சாஃப்ட்வேரைத் தயார்நிலையில் வாங்காமல், மூல நிரலை இறக்கி நம் மெஷினிலேயே கம்பைல் செய்வது அதன் மரபு. சின்ன நிரல்களுக்குச் சில நொடி போதும். குரோமியம் பிரவுசரைப் பழைய லேப்டாப்பில் கம்பைல் செய்யப் போட்டால் இரவு முழுக்க ஃபேன் இரைந்துகொண்டிருக்கும்; காலையில் எழுந்து பார்த்தால் அதற்குள் அடுத்த பதிப்பு வந்திருக்கும். 2023 டிசம்பரில் ஜென்டூ மனமிரங்கி, பெரிய பேக்கேஜ்கள் பலவற்றைக் கம்பைல் செய்த நிலையிலேயே தருவதாக அறிவித்தது. பழைய ஆட்களிடமிருந்து வந்த கேள்வி ஒன்றுதான்: "அப்புறம் ராத்திரி என்ன பண்றது?"

இத்தனைக்கும் காரணகர்த்தாவான டோர்வால்ட்ஸ் எதைப் பயன்படுத்துகிறார்? ஃபெடோரா. தமக்கு இன்ஸ்டால் சுலபமாக முடிய வேண்டும், கர்னல் வேலைக்குப் போக வேண்டும் என்பது அவர் கட்சி. லினக்ஸை உருவாக்கியவருக்கு லினக்ஸோடு மல்லுக்கட்ட நேரமில்லை.

மல்லுக்கட்டுவதற்கென்றே நேர்ந்துகொண்டவர்களின் டிஸ்ட்ரோ ஆர்ச். 2002-இல் ஜட் வினெட் தொடங்கியது. பதிப்பு, வெளியீட்டு நாள் என்றெல்லாம் அதில் காத்திருப்பு இல்லை. புதியது வரவர அன்றாடம் அப்டேட் வந்துகொண்டே இருக்கும். 2022 ஆகஸ்ட் கடைசியில் அப்படித்தான் க்ரப்புக்கு ஒரு அப்டேட் வந்தது. க்ரப் என்பது மெஷினை எழுப்பிவிடும் பூட் லோடர். அப்டேட் முடிந்து ரீஸ்டார்ட் செய்தவர்களில் பலரது மெஷின் லினக்ஸுக்குள் போகாமல் வாசலிலேயே சுற்றிச்சுற்றி வந்தது.

வேறு யாராயிருந்தாலும் தலையில் கை வைத்திருப்பார்கள். லினக்ஸ்காரர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். டிராயரைத் திறந்து பென்டிரைவை எடுத்துச் செருகி, அதிலிருந்து பூட் செய்தார். கறுப்புத் திரையில் ஒரு கமாண்ட் அடித்து எந்தப் பார்ட்டிஷனில் எது இருக்கிறது என்று பார்த்துக்கொண்டார். ரூட் பார்ட்டிஷனை மவுண்ட் செய்து, அதற்குள் இஎஃப்ஐ பார்ட்டிஷனை மவுண்ட் செய்து, ஆர்ச்-ச்ரூட் வழியாகப் படுத்துவிட்ட சிஸ்டத்துக்குள் நுழைந்து, க்ரப்பை மறுபடி இன்ஸ்டால் செய்து, பூட் மெனுவையும் புதிதாக எழுதவைத்தார். வேலை முடிந்தது, பிழை ஏதுமில்லை என்று திரையில் ஒரு வரி வந்தது. முகத்தில் அப்படியொரு களை. கூடத்திலிருந்து மனைவி எட்டிப் பார்த்தார்.

"ஏங்க, சாயங்காலம் அது நல்லாத்தானே ஓடிட்டிருந்தது?"

"ஆமா."

"இப்பவும் ஓடுது."

"ஆமா!"

"அப்ப இவ்வளவு நேரம் என்னதான் பண்ணீங்க?"

இந்தக் கேள்விக்கு ஆர்ச் விக்கியில் பதில் இல்லை. மற்ற எல்லாவற்றுக்கும் இருக்கிறது.

வீட்டில் உடைப்பவர்கள்தான் இப்படி, எழுதுகிறவர்கள் கவனமாக இருப்பார்கள் என்று நினைக்க வேண்டாம். இரண்டு கிராஃபிக்ஸ் சிப் உள்ள லேப்டாப்களுக்காக பம்பிள்பீ என்றொரு நிரல் இருந்தது. 2011-இல் அதன் இன்ஸ்டால் ஸ்க்ரிப்டில், யூஎஸ்ஆர் என்ற ஃபோல்டருக்குள் எங்கோ ஆழத்தில் இருக்கும் ஒரு பழைய ஃபைலை அழிக்கச் சொல்லி ஒரு வரி எழுதியிருந்தார்கள். யூஎஸ்ஆர் என்பதற்குப் பக்கத்தில் கைதவறி ஒரு ஸ்பேஸ் விழுந்துவிட்டது. கம்ப்யூட்டர் அதை, முதலில் யூஎஸ்ஆரை அழி, பிறகு மற்றதைப் பார்க்கலாம் என்று படித்தது. நிறுவிய நிரல்கள் ஏறக்குறைய எல்லாமே அந்த ஃபோல்டரில்தான் இருக்கும். கிராஃபிக்ஸ் சரியாக வேண்டும் என்று போட்டவர்களுக்கு கிராஃபிக்ஸ் பற்றிய கவலையே இல்லாமல் போனது.

2015-இல் ஸ்டீம் கேம் மென்பொருளின் லினக்ஸ் ஸ்க்ரிப்டில் இதற்கு அண்ணன் ஒன்று அகப்பட்டது. ஃபோல்டரின் பெயர் காலியாக வந்துவிட்டால், அதிலிருந்த ஒரு வரி பயனரின் ஃபைல்களையெல்லாம் அடிவேரிலிருந்து அழிக்கக் கிளம்பிவிடும். செருகியிருக்கும் பேக்கப் டிஸ்க்குக்கும் தப்பவழி கிடையாது. அந்த வரிக்குப் பக்கத்திலேயே, பயமாயிருக்கிறது என்று பொருள்படும் ஒரே சொல்லைக் குறிப்பாக எழுதிவைத்திருந்தார் அதை எழுதியவர். பயந்திருக்கிறார், ஆனாலும் எழுதிவிட்டார். லினக்ஸ் உலகில் இது ஒரு குணமாகவே மதிக்கப்படுகிறது.

2021-இல் கனடாவின் பிரபல யூடியூபர் லினஸ் செபாஸ்டியன், கேம் ஆடுவதற்காக பாப் ஓஎஸ் என்ற டிஸ்ட்ரோவைப் போட்டுப் பார்த்தார். ஸ்டீமை இன்ஸ்டால் செய்யப் போனபோது, பேக்கேஜில் இருந்த ஒரு பிழையால், டெஸ்க்டாப்பையே நீக்க வேண்டியிருக்கும் என்றது சிஸ்டம். ஆபத்து என்று எச்சரித்தது. சும்மா 'ஒய்' தட்டினால் போதாது, 'ஆமாம், நான் சொல்வதைச் செய்' என்ற முழு வாக்கியத்தையும் ஆங்கிலத்தில் அடித்தால்தான் ஆச்சு என்றது. அவர் அடித்தார். சிஸ்டம் சொன்னதைச் செய்தது. டெஸ்க்டாப் காணாமல் போயிற்று. கறுப்புத் திரை மட்டும் மிஞ்சியது. லட்சக்கணக்கானோர் அதை வீடியோவில் பார்த்தார்கள். பேக்கேஜ் பிழை திருத்தப்பட்டது. அந்த வாக்கியத்தை அடித்து உள்ளே போகும் வழியும் பின்னர் அடைக்கப்பட்டது. லினக்ஸ்காரர்களுக்கு இதில் கொஞ்சம் வருத்தம்தான். சொன்னதைக் கேட்கிற ஒரே ஜீவன் அது.

நுழைவதில் மட்டும் இல்லை, வெளியேறுவதிலும் சாதனை உண்டு. விம் எடிட்டரைத் திறந்துவிட்டு வெளியே வரத் தெரியாமல், அதற்கு வழி கேட்கும் கேள்வியை வந்து பார்த்தவர்கள் எண்ணிக்கை 10 லட்சத்தைத் தாண்டிவிட்டதாக 2017-இல் நிரலாளர்களின் கேள்வி-பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோ அறிவித்தது. மெஷினை ஆஃப் செய்துவிட்டுப் படுக்கப் போனவர்கள் இந்தக் கணக்கில் சேர மாட்டார்கள்.

இப்படிப்பட்டவர், சொந்தக்காரர்களின் லேப்டாப்பில் மட்டும் விளையாடமாட்டார். அங்கே கௌரவம் இருக்கிறது. மாமனாரின் லேப்டாப்பில் விண்டோஸ் மூச்சுவாங்குகிறது என்று தெரிந்ததும், எந்த வம்பும் வேண்டாம் என்று டெபியனின் ஸ்டேபிள் பதிப்பைப் போட்டுக்கொடுத்தார். ஐபஸ் என்ற உள்ளீட்டுக் கருவியை வைத்துத் தமிழ்99 விசைப்பலகையும் வரவைத்தார். பிறகு போனுக்காகக் காத்திருந்தார். வாரங்கள் போயின. போன் வரவில்லை. பொறுக்கமுடியாமல் நேரிலேயே போய்விட்டார்.

"மாமா, லேப்டாப் ஸ்லோவா இருக்கா?"

"இல்லையே மாப்ளே."

"வைஃபை கட்டாகுதா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல."

"பிரிண்டர்? பிரிண்டர் கண்டிப்பா தகராறு பண்ணுமே?"

"நேத்துகூட பென்ஷன் ஸ்லிப் எடுத்தேனே."

மாப்பிள்ளை நைசாக லேப்டாப்பைத் தம் பக்கம் இழுத்து டெர்மினலைத் திறந்தார். சாஃப்ட்வேர் எங்கிருந்து வர வேண்டும் என்று சொல்லும் ஃபைலின் அடியில் ஒரு வரியைச் சேர்த்து அப்டேட் செய்தால் போதும், இதையே சிட் ஆக்கிவிடலாம். இரண்டு நாளில் ஏதாவது ஒன்று உடைந்தே தீரும். அந்த விவரமெல்லாம் மாமனாருக்குத் தெரியாது. மாப்பிள்ளையின் முகம் மட்டும் நன்றாகத் தெரிந்தது.

"பொழுது போகலைன்னா டிவியப் போட்டுக்குங்க மாப்ளே," என்று லேப்டாப்பைத் திரும்ப வாங்கிக்கொண்டார். "ரிமோட்கூட ரெண்டு நாளா சரியா வேலை செய்யல. அதைப் பாருங்க."