ஆயுதபாணி

எந்த அடுக்குமாடிக் குடியிருப்புக்குப் போனாலும் இவர் ஒருவராவது இருப்பார். நாற்பது தாண்டியவர், ஐம்பத்தைந்தைத் தொடாதவர். வாரம் முழுக்க வெந்நீர் வைக்கக்கூட அடுப்படிப் பக்கம் எட்டிப் பார்க்காத மனிதர், ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏப்ரன் கட்டிக்கொண்டு அதே அடுப்படியைக் கைப்பற்றிவிடுவார். குழம்பு, வறுவல், பிரியாணி எல்லாம் அவருக்குத் துச்சம். முழுக்கோழியை முதுகில் பிளந்து, புத்தகத்தை விரிப்பதுபோல விரித்து, ஓவனில் வைத்துச் சுட வேண்டும். வாழ்க்கையில் அவருக்கு இப்போது மிச்சமிருக்கும் லட்சியம் அது ஒன்றுதான்.

இந்த ஆசை எங்கிருந்து வந்தது என்பதில் ரகசியம் ஒன்றும் இல்லை. ஊருக்கு ஊர் அரபுச் சாப்பாட்டுக் கடைகள் வந்துவிட்டன. அல்ஃபாம் வாங்கினால் கோழி தட்டையாகத்தான் வருகிறது. நாமெல்லாம் குபூஸைக் கிழித்து, மயோனைஸில் தொட்டுத் தின்றுவிட்டு எழுந்து வருவோம். இவர் எலும்பைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். பிறகு நமக்குப் பாடம் தொடங்கும்: "முழுசா சுட்டா தொடை வேகறதுக்குள்ள நெஞ்சுக்கறி சக்கையாயிடும் சார். விரிச்சு வெச்சா ரெண்டும் ஒண்ணா வேகும். ஒண்ணேகால் மணி நேர வேலை முக்கால் மணியில முடிஞ்சிடும்." சொல்வதில் தப்பே கிடையாது. அவரோடு வாதாட முடியாமல் போவதற்குக் காரணமே அதுதான்.

பிளப்பதற்கு எதை எடுப்பது என்ற இடத்தில்தான் மனிதர் வழி தவறுகிறார்.

முதல் கட்டம், அரிவாள் கட்டம். சிவகங்கைப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போனவர், திரும்பும் வழியில் திருப்பாச்சேத்தியில் காரை நிறுத்துவார். அரிவாளுக்குப் பேர்போன ஊர் ஆயிற்றே. ஆனால் முன்போலக் காசைக் கொடுத்தோம், வாங்கினோம் என்று வந்துவிட முடியாது. வாங்குகிறவரின் பெயர், முகவரி, என்ன தேவைக்கு என்பதையெல்லாம் எழுதி வைக்கும்படி 2021இல் போலீஸ் பட்டறைகளுக்குச் சொல்லியிருக்கிறது. 'என்ன தேவைக்கு' என்ற இடத்தில் இவர் 'கோழி பிளக்க' என்று எழுதுவார். பட்டறைக்காரர் அவரை ஒருமுறை ஏற இறங்கப் பார்ப்பார்.

வீட்டுக்கு வந்து, கிரானைட் மேடையில் கோழியைக் கிடத்தி, ஓங்கி ஒரு போடு. கோழி வழுக்கிக்கொண்டு சிங்க்குக்குள் போய் விழும். இரண்டாவது போடில் எலும்பு சிதறி, சில்லு சில்லாகக் கறிக்குள் ஏறிவிடும். மூன்றாவது போடுக்குக் கீழ்வீட்டுக்காரர் மேலே வந்துவிடுவார். "வீட்ல ஏதாவது வேலை நடக்குதா சார்?" கறிக்கடையில் புளியமரக் கட்டை போட்டிருப்பது அழகுக்காக அல்ல. கட்டை வெட்டைத் தாங்கிக்கொள்ளும். கிரானைட்டோ கத்தியின் முனையைத் தின்றுவிடும்.

அரிவாள் பரணுக்குப் போகும். அடுத்தது ஜப்பான் கட்டம். மகள் வெளிநாட்டிலிருந்து வாங்கிவந்த கத்தி, மரப்பெட்டிக்குள் பட்டுத்துணி சுற்றி இருக்கும். ஒரு தாளை அந்தரத்தில் பிடித்து அறுத்துக் காட்டுவார். வந்த விருந்தாளிகள் எல்லாரும் அதைப் பார்த்தாக வேண்டும். காய்க்கும் மீனுக்கும் அதை மிஞ்ச ஆளில்லை. ஆனால் அந்த எஃகு கடினமானது, ராக்வெல் அளவில் 60க்கு மேல். முனையும் மெல்லிசு. முதுகெலும்பில் வைத்து அழுத்தித் திருகினால் வளைந்து கொடுக்கத் தெரியாது. பிறைநிலா அளவுக்கு ஒரு சில்லு பெயர்ந்துவிடும். பெயர்ந்தது. மகளிடம் இன்னும் சொல்லவில்லை. அன்றிலிருந்து கத்தியும் பேச்சும் ஜெர்மனிக்குத் தாவிவிட்டன. "சோலிங்கன் கத்தின்னா 56, 58தான் சார். கொஞ்சம் மெத்து, ஆனா உடையாது. சோலிங்கன்னு முத்திரை குத்தறதுக்கே அங்க 1938லேயே சட்டம் போட்டுட்டான்." நாம் சாம்பார்ப் பொடி கடன் கேட்கத்தான் போயிருப்போம்.

கடைசியாக வருகிறது கத்தரிக்கோல். நியாயமாகச் சொன்னால், இந்த ஒன்றில் அவர் பக்கம் சத்தியம் இருக்கிறது. கோழி பிளக்கும் கத்தரி தையல் கத்தரி மாதிரி இருக்காது. அலகு குட்டை, கைப்பிடி நீளம். கை விட்டதும் ஸ்பிரிங் தானே திறந்துவிடும். ஒரு அலகில் நுண்ணிய பற்கள் இருக்கும், வழுக்கும் தோலைப் பிடித்து நிறுத்த. அடியில் எலும்பு வந்து உட்காருவதற்கென்று ஒரு பள்ளம். ஓங்க வேண்டாம், சத்தம் இல்லை, கீழ்வீட்டுக்காரரும் நிம்மதியாகத் தூங்கலாம்.

அதை அவர் பயன்படுத்தும்போது பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். கோழியைக் குப்புறப் போடுவார். ஈரத்தைத் துணியால் ஒற்றி எடுப்பார். வால் பக்கம் முதுகெலும்பை ஒட்டினாற்போல அலகை நுழைத்து, நுனியால் கொறிக்காமல் எலும்பை ஆணிக்குப் பக்கம்வரை உள்ளே வாங்கி ஒரு அழுத்து. நறுக். விலா எலும்புகள் ஒவ்வொன்றாக நறுக், நறுக். தொடை சேருமிடத்தில் கத்தரி முரண்டு பிடிக்கும். அங்கே பலத்தைக் காட்டாமல் அலகை அரை விரல் நகர்த்தினால் வழி கிடைத்துவிடும். கழுத்து வரை போய், மறுபக்கமும் அப்படியே. முதுகெலும்பு தனியாகக் கையோடு வந்துவிடும். கோழியை மல்லாத்தி, நெஞ்சின் நடுவே உள்ளங்கையை வைத்து ஓர் அமுக்கு. மடக். படுத்துவிட்டது கோழி. ஆறு வாரத்து பிராய்லர், எலும்பு இன்னும் முற்றவில்லை, ஆகையால்தான் இவ்வளவு சுலபம். வயதான நாட்டுக்கோழியை வைத்து இந்த வித்தையைக் காட்டச் சொன்னால் பேச்சை மாற்றிவிடுவார்.

இதில் கறிக்கடைக்காரர் படும் பாடு தனி.

"பிரியாணி கட்டா, குழம்பு கட்டா சார்?"

"கட்டே வேண்டாம் பாய். முழுசா, தோலோட."

பாயின் கத்தி அந்தரத்தில் நிற்கும். "அல்ஃபாமுக்கா? குடுங்க, முதுகுல கீறித் தந்துடறேன். ஒரு நிமிஷ வேலை."

"வேண்டாம் பாய். வீட்ல அதுக்குன்னு கருவி இருக்கு." தொடர்ந்து கருவியின் வரலாறு. பின்னால் அரைக்கிலோ ஈரலுக்கு நிற்கும் அம்மா, "தம்பி, உங்களுது ஆச்சுன்னா கொஞ்சம் தள்ளிக்கறீங்களா?" என்கிற வரைக்கும்.

வீட்டில் அந்தக் கருவிக்கு வேறு வாழ்க்கை. திங்கள் முதல் சனி வரை அது பால் பாக்கெட் வெட்டுகிறது, கறிவேப்பிலைக் கொத்து நறுக்குகிறது, கூரியரில் வந்த அட்டைப்பெட்டியைத் திறக்கிறது. ஒருநாள் அவர் கண்ணெதிரிலேயே மனைவி அதை எடுத்து முருங்கைக்காயைத் துண்டு போட்டுவிட்டார். "ஏம்மா, அது கோழிக்குன்னு வாங்கினது!" "அப்போ வாரம் ஆறு நாள் சும்மா கிடக்கணுமாங்க?" இதற்கு அவரிடம் பதில் இல்லை. ஆயுத பூஜை அன்று மட்டும் தன் கையாலேயே சந்தனப் பொட்டு வைத்து, சோலிங்கன் பக்கத்தில் படுக்க வைப்பார்.

கழுவுவது மட்டும் அவருடைய இலாகாவில் வராது. இரண்டு அலகும் சேரும் ஆணியில்தான் பச்சைக்கறிச் சாறு போய் ஒளிந்துகொள்ளும், கிருமிக்கும் அதுதான் குடியிருப்பு. இரண்டாகக் கழற்றிச் சோப்புப் போட்டுத் தேய்த்து, துடைத்துக் காயவைக்க வேண்டும். இதை நமக்கு விளக்கிச் சொன்னவரே அவர்தான். சொல்லிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு ஹாலுக்குப் போய்விடுவார்.

வாங்கப் போகிறவர்களுக்கு ஒன்று. இரண்டாகக் கழற்ற முடிகிற கத்தரியாகப் பார்த்து ஒன்றே ஒன்று வாங்குங்கள். அதற்கும் மனமில்லையென்றால் பாய் கேட்கும்போது 'சரி' என்று சொல்லிவிடுங்கள். எப்படிப் பிளந்தாலும் முதுகெலும்பை மட்டும் அங்கேயே விட்டுவிட்டு வராதீர்கள். மிளகு தட்டிப் போட்டு சூப் வைக்க அதைவிட நல்ல எலும்பு கிடையாது. இவர் வீட்டு விருந்துக்கு அழைப்பு வந்தால் மறுக்க வேண்டாம், கோழி பிரமாதமாகவே இருக்கும். ஆனால் எட்டு மணிக்குச் சாப்பாடு என்றால் பத்து ஆகும். வீட்டிலேயே இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.